இடது பக்கப் பொட்டி

அது லக்கேஜ் இல்லீங்க தம்பி. அதுக்கும் டிக்கெட் வாங்கியிருக்குது, அரை டிக்கெட். நீங்க இப்படி என் காலத் தாண்டி ஜன்னலோரமா வந்துருங்க. பொட்டி அங்கதான் இருக்கும், நகராது. பெட்சீட்டு சுத்தியிருக்குதேன்னு அது மேல கை வெச்சராதீங்க. உள்ள ஸ்பீக்கருங்க. முப்பத்திரண்டு வருச ஸ்பீக்கர்.

ஆ, இப்பச் சொல்லுங்க. இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் பேச்சுக்குச் சௌரியம். அந்தப் பக்கம் ஒரே பஸ் சத்தம்.

பாருங்க, கண்டக்டர் பக்கத்துல வந்து நின்னு என்னமோ முனகிட்டு, அப்பறம் தோளத் தட்டறான். வாயத் தொறந்து கேட்டா என்ன? சீட்டெல்லாம் உடுமலையிலயே வாங்கியாச்சுப்பா! இந்தக் காலத்துல யாரும் வாயத் தொறந்து பேசறதில்லீங்க தம்பி. எங்கூட்லயும் அப்படித்தான். பொண்டாட்டி முனகறா, பையன் முனகறான், போனுலகூட முனகறானுக. இந்தக் கையில வெச்சுப் பேசுனா ஒண்ணும் கேக்காது, டவர் இல்ல. அந்தக் கைக்கு மாத்துனா டவர் வந்துரும்.

என்ர பேரு நாச்சிமுத்து. மில்லுல பிட்டர், முப்பத்தோரு வருசம். மருமககூடச் சண்ட. அதுக்குத்தான் இந்தப் பொட்டியத் தூக்கிட்டு கோயமுத்தூர் போறேன். சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு யாரு பக்கம் நாயம்னு நீங்களே சொல்லுங்க. பொள்ளாச்சியில ஏறுனவங்க, சுந்தராபுரம் போறவரைக்கும் வேற என்ன வேல உங்களுக்கு?

எங்கூட்ல ரெண்டு செட்டு. ஒண்ணு என்ர ஸ்டீரியோ. ஒரு ஆம்ப்ளிபயர், ரெண்டு ஸ்பீக்கர், எடது ஒண்ணு வலது ஒண்ணு, அவ்வளவுதான். மில்லுல நல்ல போனஸ் குடுத்த வருசம் வாங்குனது. பொட்டி ரெண்டும் நானே கூட நின்னு தேக்குல அடிச்சது. இன்னொண்ணு மருமக பிருந்தா கொண்டாந்த ஹோம் தியேட்டர். சீர்வரிசையெல்லாம் இல்லீங்க, அவ கம்ப்யூட்டர்ல வேல பாத்து அவ சம்பாத்தியத்துல வாங்குனது. சத்தத்தப் பிரிச்சுக் குடுக்கறதுக்கு ஒரு ரிசீவரு, டிபன்பாக்ஸ் மாதிரி அஞ்சு குட்டி ஸ்பீக்கரு. எங்கூட்ல முன்னால கூடம், ஆசாரம்போம், அது ஒண்ணே ஒண்ணுதான். அதுல ஒரு டிவி. ரெண்டு செட்ட எங்க வெக்கிறது?

பையன் சபரி என்ன சொன்னான் தெரியுங்களா? ‘அப்பா, உங்க செட்ட உள்ரூமுல வெச்சுக்குங்க’ன்னான். பெத்த பையன் சொல்றான். மருமகதான் ‘இருங்க’ன்னா. ரிசீவரத் திருப்பிப் போட்டு, அதோட பொஸ்தகத்த மடியில வெச்சுட்டு ஒரு பகல் பூராப் படிச்சா. அப்பறம் செவப்பு ஒண்ணு வெள்ள ஒண்ணு, ரெண்டு வயர் எடுத்தா. ரிசீவர் முதுகுல இருந்து கொண்டாந்து என்ர ஆம்ப்ளிபயர் முதுகுல சொருகிட்டா. அவ்வளவுதானுங்க. அவளோட முன்பக்கத்துக் குட்டி ஸ்பீக்கர் ரெண்டும் அட்டப் பொட்டிக்குள்ள போயிருச்சு. படத்துக்கு முன்பக்கத்துச் சத்தம் என்ர தேக்குப் பொட்டியில வரும், பக்கத்துல பின்னாடியெல்லாம் அவளோடது. நான் பாட்டுக் கேக்கறப்ப ரிசீவரு தூங்கும், என்ர ஆம்ப்ளிபயர் மட்டும் முழிச்சிருக்கும். ரெண்டு செட்டு ஒண்ணாச்சு.

அதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. படத்துக்கு ரிசீவர்தான் எசமான். கூட்டறது கொறைக்கிறது எல்லாம் அதோட ரிமோட்டுல. அப்ப என்ர ஆம்ப்ளிபயர்ல சத்தத் திருகு ஒரே எடத்துல அசையாம நிக்கோணும். கூட நின்னா முன்னாடி மட்டும் கத்தும், கொறஞ்சா ஆளுக பேசறதே கேக்காது. அந்த எடத்தக் கண்டுபுடிச்சு, எங்கூட்டுக்காரி வசந்தாமணி நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டப் பிச்சு அங்க ஒட்டுனா பிருந்தா. ‘மாமா, படம்னா பொட்டு. பாட்டுன்னா உங்க இஷ்டம்’னா.

அது எங்கூட்ல ஒரு பேச்சாவே ஆயிருச்சுங்க. படம் போடறதுக்கு முன்னால வசந்தாமணி அடுப்படியில இருந்து, ‘பொட்டுல வெச்சாச்சா?’ம்பா. யாராச்சும் ரொம்பக் கத்துனா ‘பொட்டுக்கு வாங்க’ம்போம். இப்பெல்லாம் என்னையத்தான் சொல்றாங்க. நான் எப்பவும் போலத்தான் பேசறேன். இப்ப நான் கத்தறனா? முன்சீட்டு அம்மிணி எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்குது?

தை மாசம் சேத்தோம். தை, மாசி ரெண்டு மாசமும், சொன்னா என்னங்க, சந்தோசமாத்தான் இருந்துச்சு. சனிக்கெழமையானா நாலு பேரும் உக்காந்து படம் பாப்போம். பிருந்தா வறுத்த கடல கொண்டாந்து எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்துல வெப்பா. மழ பேஞ்சா ஊட்டுக்குள்ள பேஞ்ச மாதிரியே இருக்கும். வசந்தாமணி ஒருக்கா எந்திரிச்சுக் கொடியில துணி எடுக்கப் போயிட்டா.

பங்குனியில ஆரம்பிச்சுதுங்க. எடது பக்கம் சத்தம் கொறஞ்சுது.

நான் ஆசாரத்துல நட்ட நடுவுல உக்காந்து கேக்கறவன். பாடறவங்க நேரா என் முன்னால நின்னு பாடோணும். அவங்க நகந்து நகந்து வலது பக்கம் போறாங்க. எடதுல வர்ற தபேலா எங்க போச்சுன்னே தெரியல. வயருதான் கெட்டுப்போச்சுன்னு புதுசு மாத்தினேன். ஊகூம். பொட்டி ரெண்டையும் மாத்தி வெச்சேன், எடத வலதுக்கு, வலத எடதுக்கு. அப்பவும் எடதுதான் கொறையுது! எடது பக்கத்துச் செவுத்துல பிருந்தா கனமா ஒரு திரை போட்டிருந்தா. அது சத்தத்தக் குடிக்குதுன்னேன். அவ ஸ்டூலு போட்டு ஏறிக் கழட்டிட்டா. அப்பவும் சரியாகல. வசந்தாமணிதான் தொடைக்கிறேன்னு பொட்ட நகத்தி ஒட்டிட்டாளோன்னு அவளையும் ஒருநா வெரட்டினேன்.

அப்பறம் யோசிச்சேன். முப்பது வருசம் கெடாதது இப்ப ஏன் கெட்டுச்சு? ரிசீவரச் சேத்த பொறவுதான கெட்டுச்சு? அதுதான் உறிஞ்சுதுன்னேன். சபரி சொல்றான், ‘அப்பா, நீங்க பாட்டுக் கேக்கறப்ப ரிசீவர் ஆப்ல இருக்குதுப்பா.’ ஆப்ல இருந்தா என்ன, வயரு சொருகித்தான இருக்குது? தூங்கறவன் கையி நம்ம மேல கெடந்தா கனக்காதா?

அவனாச்சும் பரவால்ல. பிருந்தா, ‘பேலன்ஸச் சித்தெ எடது பக்கம் திருகிக்கலாமா மாமா?’ன்னு கேட்டா. தம்பி, எடதுக்கும் வலதுக்கும் சத்தத்தப் பங்கு போடற அந்த பேலன்ஸ் திருகு என்ர ஆம்ப்ளிபயர்ல முப்பத்திரண்டு வருசமா நடுவுல நிக்குது. அதத் திருகுனா செட்டுல கொறையிருக்குதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. செட்டச் சரி பண்ணோணும், திருகத் திருகக் கூடாது. பேலன்ஸ் நடுவுலதான் நிக்கும்னுட்டேன்.

அப்பறம் சித்திரைக்கு ஒறம்பரை வந்தாங்க. மருமக அப்பன் ஆத்தா, கோபிப் பக்கம். நல்ல மனுசங்கதான். சாப்பிட்டுட்டு எல்லாரும் ஆசாரத்துல உக்காந்திருந்தோம். நான் சம்பந்திகிட்ட எடது பக்கக் கதையச் சொல்லிட்டிருந்தேன். அப்ப இவ ஒரு மைக்கு கொண்டாந்தா. அந்த ரிசீவரு கூடவே வந்ததாம், எலுமிச்சங்காய் அளவு இருக்குது. அத என்ர நாற்காலியில, என்ர தல இருக்கற ஒசரத்துக்கு ஒரு ஸ்டாண்டு மேல வெச்சா. எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லிட்டு ஒரு பொத்தான அமுக்குனா. ஒவ்வொரு ஸ்பீக்கரா உஸ்ஸு உஸ்ஸுன்னுது. முடிஞ்சதும் டிவியில நம்பர் வந்துச்சு. எடது எழுபத்தஞ்சு, வலது எழுபத்தஞ்சு.

நான் சொன்னேன், ‘மைக்கு பொய் சொல்லுது’ன்னு. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்ப அவ, மெதுவாத்தான் சொன்னா, ‘மாமா, ஒருக்கா காதக் காட்டிட்டு வந்தர்லாமா?’

காது! என்ர காது!

தம்பி, மில்லுல ஸ்பின்னிங்ல நூறு மிசினு ஓடும். பக்கத்துல நிக்கறவன் கத்துனாலும் கேக்காது. அந்தச் சத்தத்துல எந்த மிசினுல எந்தப் பேரிங் போகப்போகுதுன்னு நாஞ் சொல்லுவேன். எப்படி? நீட்டு ஸ்குரூடிரைவரு. நுனிய பேரிங் மேல வெச்சு, பிடிய இந்தக் காதெலும்புல அழுத்தினா, உள்ள நடக்கறது பூரா வந்துரும். இந்தா, இந்த எடதுதான். முப்பத்தோரு வருசமும் இதே காதுதான். மிசினு நின்னா மேனேசரு ‘நாச்சிமுத்தக் கூப்புடு’ங்க மாட்டாரு. ‘நாச்சிமுத்து காதக் கூப்புடு’ம்பாரு. காதுக்குப் பஞ்சு குடுப்பாங்க, அடச்சுக்கச் சொல்லி. நான் ஒருநாளும் வெச்சதில்ல. அடச்ச காதுல பேரிங் எப்படிப் பேசும்?

அந்தக் காத, சம்பந்தி முன்னால, எலுமிச்சங்காய வெச்சுக்கிட்டு இவ கேக்கறா. எந்திரிச்சுப் போனேன். ரிசீவர் முதுகுல இருந்த செவப்பையும் வெள்ளையையும் ஒரே இழுப்புல புடுங்குனேன். ‘உன்ர செட்டு உன்னோட, என்ர செட்டு என்னோட’ன்னேன். சத்தமாத்தான் சொல்லியிருப்பனாட்ட இருக்குது. வசந்தாமணி ‘பொட்டுக்கு வாங்க, பொட்டுக்கு வாங்க’ன்னு கெஞ்சறா. சம்பந்தியம்மா அழுதுருச்சு. பிருந்தா அழல. வயரக் குனிஞ்சு எடுத்துச் சுத்தி ரப்பர்பேண்டு போட்டு என்ர ஆம்ப்ளிபயர் மேலயே வெச்சுட்டு உள்ள போயிட்டா. அதுதானுங்க எனக்குப் பொறுக்கல. திருப்பி ரெண்டு வார்த்த பேசியிருந்தா மறந்திருப்பேன்.

அதுக்கப்பறம் ஊடே ரெண்டாச்சு. அவங்க ரூமுல அஞ்சு டிபன்பாக்ஸும் பேசும், ஆசாரத்துல நான் பாட்டுப் போடுவேன். அவங்க கூட்டுனா நானும் கூட்டுவேன். போன வாரம் சபரி வந்து நின்னான். பல்லடம் ரோட்டுல ஊடு பாத்தாச்சாம். ஞாயித்துக்கெழம வண்டி வருதாம். ‘போங்க’ன்னேன். போகட்டுமே? எனக்கென்ன? என்ர செட்டு எனக்கு இருக்குது. போகட்டும்ங்க தம்பி, நான் என்ன கையப் புடிச்சா நிறுத்தறது?

வயரத்தான் புடுங்கியாச்சே, எடது சரியாச்சான்னு கேக்கறீங்களா? இல்ல. ஏற்கெனவே உறிஞ்சுனது உறிஞ்சுனதுதான?

நேத்து ஒண்ணு நடந்துச்சு. பாட்டு ஓடிட்டிருந்துச்சு. அட்டப் பொட்டி கட்டறதுக்கு ஆளு வந்து வாசல்ல நின்னான். அவனப் பாக்கறதுக்கு நாற்காலியோட அப்படியே பின்னாடி திரும்பி உக்காந்தேன், ஸ்பீக்கருக்கு முதுகு காட்டிட்டு. திரும்புன ஒடனே வலது பக்கத்துப் பொட்டி செத்துப்போச்சுங்க! அதுவரைக்கும் நல்லாப் பாடிட்டிருந்த பொட்டி. செத்துக் கெடந்த எடது பொட்டி கணீர்னு பாடுது. திரும்ப நேரா உக்காந்தேன், எடது போச்சு. திரும்புனேன், வலது போச்சு. நாலு தடவ திரும்பித் திரும்பி உக்காந்தேன். அட்டப் பொட்டிக்காரன் பயந்துட்டான்.

பிருந்தாவக் கூப்புட்டு, ‘ரெண்டு பொட்டியும் போச்சு, கோளாறு அங்கயும் இங்கயும் தாவுது’ன்னேன். கூப்புட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. அவ பாத்துட்டே நின்னா. சிரிக்கல. உள்ள போய்ப் போனுல பேசிட்டு ஒரு கார்டு எடுத்தாந்து, அதோட வெறும் பக்கத்துல எழுதிக் குடுத்தா. ‘நல்ல ஆளு மாமா, கைராசிக்காரரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. எடது பக்கத்துப் பொட்டி மட்டும் கொண்டுபோனாப் போதும்’னா. காத்தால அவளே பெட்சீட்டு சுத்தி, ஸ்பீக்கரோட பேப்பர் கூம்புல இடிபடாம இருக்கறதுக்கு முன்னால ஒரு தலகாணி வெச்சுக் கட்டிக் குடுத்தா. பாத்தீங்களா? பொட்டியிலதான் கோளாறுன்னு அவளையே ஒத்துக்க வெச்சுட்டனா இல்லையா?

இந்தாங்க கார்டு. எடத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க, ஸ்டாப்புல எறங்கி எந்தப் பக்கம் போறதுன்னு. என்ன எழுதியிருக்குது? ‘சுந்தராபுரம் ஸ்டாப்புக்கு நேரெதிர், மெடிக்கல் மாடி.’ சரி. அவ கையெழுத்துதான், மணி மணியா இருக்கும்.

ஏந்தம்பி திருப்பிப் பாக்கறீங்க? அந்தப் பக்கம் அச்சடிச்சதுதான். ஏன் மொகம் மாறுது? என்ன... இந்தப் பக்கம் சாஞ்சு சொல்லுங்க. கடையா? ரிப்பேர் கடைன்னு போட்டிருக்குதா?

நீங்களும் மறைக்காதீங்க தம்பி. நல்ல மனசு உங்களுக்கு, பொய் வரமாட்டேங்குது. டாக்டர் செங்கோட்டுவேலு. காது, மூக்கு, தொண்டை. நான் உடுமலை பஸ் ஸ்டாண்டுலயே திருப்பிப் பாத்துட்டேன். கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது.

படிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்.

முப்பத்தோரு வருசம் கோளாறு கண்டுபுடிச்சவனுங்க நான். பொட்டிய மாத்துனோம், அதே பக்கம். வயர மாத்துனோம், அதே பக்கம். ரிசீவரையே கழட்டியாச்சு, அதே பக்கம். நாற்காலியத் திருப்புனா கோளாறு நாற்காலியோட திரும்புது. நாற்காலியில என்ன இருக்குது? நாந்தான இருக்கேன்? நேத்து மூணாவது தடவ திரும்பறப்பவே தெரிஞ்சுபோச்சு. நாலாவது தடவ எதுக்குத் திரும்பினேன்னா, பொய்யா இருக்கட்டும்னுதான்.

கோவம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல கார்டக் கிழிக்கப் போனேன். அப்பறம் இந்தப் பொட்டியப் பாத்தேன். தலகாணி வெச்சுக் கட்டியிருக்கா பாருங்க, அது அவளோட தலகாணி. பரிசோதிக்கப் போறது என்ர காத, அப்ப பொட்டிய எதுக்குக் கட்டிக் குடுத்தா? ‘காதக் காட்டிட்டு வாங்க’ன்னா நான் போயிருப்பனா? சாகற வரைக்கும் போயிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியுது. பெத்த பையனுக்குத் தெரியல, கட்டுனவளுக்குத் தெரியல, அவளுக்குத் தெரியுது. பொட்டிக்குத் தொணையாத்தான் என்னைய அனுப்பியிருக்கா.

அவங்க போகக் கூடாதுங்க தம்பி. போகட்டும் போகட்டும்னு அத்தன தடவ சொன்னேன்ல, அத்தனையும் பொய்யி. அந்தக் கடலக் கிண்ணம் ஒரு மாசமாக் கவுத்தே கெடக்குது.

ஆனா ஒண்ணு. நான் போய் அந்த டாக்டர் முன்னால காத நீட்டிட்டு நிக்க மாட்டேன். பொட்டியத்தான் மேசையில வெப்பேன். ‘இதப் பாருங்க மொதல்ல. இதுல கோளாறு இல்லீன்னு நீங்க உங்க வாயாலச் சொல்லுங்க, அப்பறம் என்ரதப் பாக்கலாம்’பேன். காதுல மிசினு மாட்டச் சொன்னா மாட்டிக்குவேன், எலுமிச்சங்காய் அளவுக்கு இல்லாம இருந்தாச் சரி. பொழுதோட பஸ்ஸுக்குத் திரும்பி வந்து, ரப்பர்பேண்டக் கழட்டி, செவப்பையும் வெள்ளையையும் நானே சொருகுவேன். ஞாயித்துக்கெழமைக்கு முன்னால, இன்னிக்கே. வண்டிக்காரன் வந்தா வெறும் வண்டியத் திருப்பிட்டுப் போகட்டும். யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. கேட்டா ‘பொட்டி சரியாயிருச்சு’ம்பேன். அவ ‘சரிங்க மாமா’ம்பா, வேற ஒண்ணுஞ் சொல்லமாட்டா, பாருங்க. பேலன்ஸ் திருகு மட்டும் நடுவுலதான் நிக்கும். அதுல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. காது வேணும்னா திரும்பிக்கட்டும்.

என்னங்க? சுந்தராபுரமா? எப்பச் சொன்னான் கண்டக்டரு? மூணு தடவையா? சரி சரி, இருப்பா, எறங்கறேன்! எடுத்தராத!

இல்லீங்க தம்பி, நீங்க புடிக்க வேண்டாம், கைய எடுங்க. நானே தூக்கிக்கறேன். எடது தோளு இன்னும் நல்லாத்தான் இருக்குது.